பொருள்களின் மேல் எழுதியிருப்பது யாருக்காக?

வாசகர் கேள்வி: 2 மார்ச் 2025

எங்கள் வீட்டு சமையல் சிலிண்டரின் மேற்புறத் தகட்டில் 'சி-25' என்று எழுதியிருக்கிறது. அது வாயு காலாவதியாகும் மாதம் என்றும், அந்த மாதம் கடந்த பிறகு அடுப்பைப் பற்ற வைத்தால் வெடித்துவிடும் என்றும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. அம்மா அந்தச் சிலிண்டரைத் தொடவே அஞ்சுகிறார். உண்மை என்ன?

2 மார்ச் 2025, இரவு

அது வாயுவின் காலாவதித் தேதி அன்று. உள்ளே இருக்கும் வாயு கெட்டுப்போவதில்லை. கெடு வைக்கப்பட்டிருப்பது அதை அடைத்து வைத்திருக்கும் எஃகு உருளைக்கு. கைப்பிடி வளையத்தைத் தாங்கி நிற்கும் மூன்று தகடுகளில் ஒன்றின் உட்புறத்தில் ஓர் எழுத்தும் ஈரிலக்க எண்ணும் பெரிதாகத் தீட்டப்பட்டிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை, சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர் வரை, டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. எண் ஆண்டைக் குறிக்கும். ஆகவே 'சி-25' என்பதன் பொருள், 2025 செப்டம்பர் முடிவதற்குள் இந்த உருளை அடுத்த அழுத்தப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும் என்பதே. பரிசோதனையில் தேறினால் பழைய குறியை அழித்து, புதிய குறியைத் தீட்டி, மீண்டும் புழக்கத்துக்கு அனுப்புவார்கள். தங்கள் அம்மா அச்சமின்றிச் சமைக்கலாம்.

எனக்கு இதைக் கற்பித்தவர் எங்கள் தெருவுக்குச் சிலிண்டர் கொண்டு வரும் அண்ணன். வாசலில் இறக்கி வைத்ததும் அந்தத் தகடு நம் பக்கம் தெரியும்படி உருளையைத் திருப்பி வைப்பது அவர் வழக்கம். காரணம் கேட்டபோது, "இது எங்களுக்கும் ஆலையில் நிரப்புகிறவர்களுக்கும் எழுதியது, ஆனாலும் வீட்டில் இருக்கிறவர்களும் பார்த்துக்கொள்வது நல்லதுதானே" என்றார். கெடு கடந்த உருளை வந்தால் வாங்க மறுத்து மாற்றித் தரும்படி கேட்க நமக்கு உரிமை உண்டு என்பதையும் அவரே சொன்னார். அவர் சொன்னதில் 'எங்களுக்கு எழுதியது' என்பதுதான் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. நாம் அன்றாடம் கையாளும் பொருள்களின் மேல் எத்தனையோ குறிகள் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நமக்கு எழுதப்பட்டவையல்ல. யாருக்கு எழுதப்பட்டது என்று கேட்டால் பொருள் தானாகத் துலங்கும்; கேட்காமல் விட்டால் வாட்ஸ்அப் ஒரு பொருளை இட்டு நிரப்பிவிடும்.

3 மார்ச் 2025

நேற்றைய குறிப்பில் எடையைப் பற்றிச் சொல்ல இடமில்லாமல் போயிற்று. அதே தகடுகளில் கிலோகிராமில் ஓர் எண்ணும் இருக்கும். அது வெற்று உருளையின் எடை. உருளைக்கு உருளை அது சிறிது மாறும், பெரும்பாலும் 15 முதல் 16 கிலோவை ஒட்டியிருக்கும். அந்த எண்ணோடு 14.2 கிலோவைக் கூட்டினால் நிரப்பிய வீட்டு உபயோக சிலிண்டர் காட்ட வேண்டிய மொத்த எடை கிடைத்துவிடும். கொண்டு வருபவரிடம் எடைபோட்டுக் காட்டும்படி கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சமையல் வாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள பொருளைச் சிறிதளவு கலக்கிறார்கள். இவ்வழக்கத்துக்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் உண்டு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரில், 1937 மார்ச் 18 அன்று, மணமற்ற இயற்கை எரிவாயு ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடியில் யாரும் அறியாமல் தேங்கி வெடித்ததில் ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். அதன் பிறகே அங்கு எரிவாயுவில் மணம் சேர்ப்பது சட்டமாயிற்று. இது இயற்கை எரிவாயுவின் கதை. நம் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். இவை காற்றைவிடக் கனமானவை என்பதால் கசிந்தால் தரையோடு படரும். ஆகவே மேலே இருக்கும் ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவையும் திறக்க வேண்டும். மின் சுவிட்சைத் தொடக் கூடாது.

6 மார்ச் 2025

பற்பசைக் குழாயின் அடியில் இருக்கும் வண்ணக் கட்டம் பச்சையானால் மூலிகை, நீலமானால் மருந்து, கறுப்பானால் முழு வேதிப்பொருள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது முற்றிலும் பொய்.

யாருக்கு எழுதியது என்ற கேள்வியை இங்கேயும் கேட்கலாம். அந்தக் கட்டம் மனிதருக்கு எழுதப்பட்டதே அன்று. ஆலையில் இருக்கும் ஒளியுணரிக்கு எழுதப்பட்டது. வேகமாக நகரும் குழாய்களில் எந்த இடத்தில் வெட்டி ஒட்ட வேண்டும், பெயர் அச்சிட்ட பக்கம் முன்னால் வருகிறதா என்பதை இயந்திரம் அந்தக் கட்டத்தைப் பார்த்தே அறிகிறது. குழாயின் பின்னணி நிறத்திலிருந்து தெளிவாகத் தனித்துத் தெரியும் எந்த நிறமும் அதற்குப் போதும். தின்பண்ட உறைகளின் ஓரத்திலும் இதே கட்டத்தைக் காணலாம்.

பட்டைக் குறியீடு 890 என்று தொடங்கினால் அது இந்தியாவில் தயாரான பொருள் என்பதும் இப்படிப் பரவிய செய்திதான். அந்த மூன்று இலக்கங்கள், பொருளை விற்கும் நிறுவனம் தன் எண்ணை, உலகெங்கும் பட்டைக் குறியீட்டு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பின் இந்தியக் கிளையில் பெற்றது என்பதை மட்டுமே சொல்கின்றன. பொருள் எங்கே தயாரானது என்பதை உறையின் மேல் எழுத்தில் எழுதியிருப்பார்கள். அதைப் படிக்க வேண்டும்.

7 மார்ச் 2025

பட்டைக் குறியீட்டின் கடைசி இலக்கம் எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். அது மற்றப் பன்னிரண்டையும் காவல் காக்கும் இலக்கம்.

என் தங்கையின் மளிகைக் கடையில் சில நாள் கல்லாவில் உட்கார்ந்தபோதுதான் இதன் அருமை தெரிந்தது. உறை கசங்கிக் கருவி படிக்க மறுத்தால் எண்ணைக் கையால் தட்ட வேண்டும். ஓர் இலக்கம் தவறினாலும் இயந்திரம் ஏற்காது. கணக்கு எளிது. இடமிருந்து ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டுங்கள். இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள். இரண்டையும் சேர்த்து, அடுத்த பத்தின் மடங்கை எட்ட எவ்வளவு வேண்டுமோ அதுவே பதின்மூன்றாம் இலக்கம். 890123456789 என்று எடுத்துக்கொண்டால் முதல் தொகை 28, இரண்டாவது 34, 34ஐ மூன்றால் பெருக்க 102, மொத்தம் 130. அது ஏற்கெனவே பத்தின் மடங்கு என்பதால் காவல் இலக்கம் 0. அதாவது 8901234567890 என்று குழந்தைகள் எண்ணும் வரிசையிலேயே ஒரு செல்லுபடியாகும் குறியீடு அமைந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த அன்று என் மருமகளுக்கு இருந்த மகிழ்ச்சியை எழுத்தில் கொண்டு வர முடியாது.

கடையொன்றில் பட்டைக் குறியீடு முதன்முதலாகப் படிக்கப்பட்டது 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டிராய் என்ற ஊரில். பொருள் ஒரு சூயிங்கம் பொட்டலம்.

15 மார்ச் 2025

ரயிலைப் பற்றி எழுதாமல் இந்த இழை நிறைவுறாது. கடைசிப் பெட்டியின் பின்புறத்தில் பெரிதாக ஓர் எக்ஸ் குறி, அதன் அருகே 'எல்வி' (லாஸ்ட் வெஹிக்கிள், அதாவது கடைசி வண்டி) என்ற சிறு பலகை, இரவானால் ஒரு சிவப்பு விளக்கு. நம்மில் பலர் சிறு வயது முதல் பார்த்துக் கையசைத்த பெட்டிதான்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேனாக, அதாவது வண்டிகளைத் தடம் மாற்றிவிடும் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாலையில் பேரனை அழைத்துக்கொண்டு கேட் பக்கம் நடப்பார். வண்டி முழுவதும் கடந்து, அந்த எக்ஸ் கண்ணில் பட்ட பிறகே திரும்புவார். ஒரு நாள் கேட்டேன்: "ஐயா, பணியிலிருந்து வந்த பிறகும் ஏன் கடைசிப் பெட்டி வரை நிற்கிறீர்கள்?" அவர் சிரித்தார். "தம்பி, இவன் டாட்டா காட்டுகிறான், நான் வண்டி முழுசாக வந்து சேர்ந்ததா என்று கணக்கு முடிக்கிறேன். பழகிய கண் விடாது."

ஒரு நிலையத்தைக் கடக்கும் ஒவ்வொரு வண்டியின் கடைசிப் பெட்டியிலும் அந்தக் குறி இருக்கிறதா என்று நிலையப் பணியாளர் பார்த்தாக வேண்டும். இருந்தால் வண்டி முழுமையாக வந்துவிட்டது. பின்னால் உள்ள பாதை காலியாக இருக்கிறது. அடுத்த வண்டிக்கு அனுமதி தரலாம். இல்லையென்றால் இடைவழியில் இணைப்பு அறுந்து சில பெட்டிகள் பாதையிலேயே நின்றிருக்கலாம். அந்நிலையில் பின்னால் வரும் வண்டியை அனுப்பினால் பெரும் விபத்து. இன்று பல தடங்களில் அச்சுகளை எண்ணும் மின்கருவிகள் இந்த வேலையைச் செய்கின்றன என்றாலும் பெட்டியில் குறி இல்லாமல் வண்டி புறப்படுவதில்லை. வண்டியின் பின்முனையில் பயணம் செய்யும் கார்டுக்கு 2022 முதல் ரயில் மேலாளர் என்று பதவிப் பெயர். எங்கள் பெரியவர் அவரை இன்னும் கார்டு என்றே சொல்கிறார்.

பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் பழைய ஐந்து இலக்க எண்ணின் முதலிரண்டு இலக்கங்கள் அது கட்டப்பட்ட ஆண்டைச் சொல்லும்: 08 என்று தொடங்கினால் 2008. நடைமேடையில் காத்திருக்கும் நேரத்தில் இதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

வண்டி எண்ணிலும் ஓர் ஒழுங்கு உண்டு. போகும் வண்டியும் வரும் வண்டியும் அடுத்தடுத்த எண்களைப் பெறுகின்றன. சென்னையிலிருந்து மதுரை செல்லும் பாண்டியன் விரைவு வண்டி 12637. மதுரையிலிருந்து திரும்புவது 12638.

16 மார்ச் 2025

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், ரயில் நிலையத்தின் மஞ்சள் பெயர்ப்பலகையில் கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருப்பது ஓட்டுநர் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதற்காக என்கிறார். இணையத்தில் பரவலாகக் காணப்படும் விளக்கம்தான். ஆனால் நடைமுறைக்குப் பொருந்தவில்லை. அடுத்த நிலையம் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்து மனக்கணக்குப் போட்டுக்கொண்டு யாரும் வண்டி ஓட்டுவதில்லை. ஏற்றமா இறக்கமா, எத்தனை மீட்டருக்கு ஒரு மீட்டர் என்பதை ஓட்டுநருக்குச் சொல்வது தண்டவாளத்தின் ஓரத்தில் நடப்பட்டிருக்கும் சரிவுப் பலகை. பெயர்ப்பலகையின் எண் அளவையாளருக்கும் பொறியாளருக்கும் உரியது: பாதை அமைக்கவும், பாலம் கட்டவும், வெள்ள மட்டம் கணிக்கவும் எல்லா நிலையங்களுக்கும் பொதுவான ஒரு தொடக்கப்புள்ளி வேண்டுமல்லவா?

அந்தத் தொடக்கப்புள்ளி எது என்று தேடியபோது மிகவும் வியந்தேன். கடல் ஓயாமல் ஏறி இறங்குவது. அதற்கு ஒரே மட்டம் எப்படி வாய்க்கும்? துறைமுகங்களில் ஆண்டுக்கணக்கில் ஓதங்களை அளந்து சராசரி கண்டிருக்கிறார்கள். 1909இல் நிறைவுற்ற இந்திய நில அளவைத் துறையின் முதல் மட்ட வலை, அதாவது நாடெங்கும் உயரங்களை அளந்து இணைத்த வலை, இப்படி ஒன்பது துறைமுகங்களின் சராசரிக் கடல் மட்டத்தைப் பற்றி நின்றது. அவற்றுள் சென்னையும் நாகப்பட்டினமும் அடங்கும். நில அளவையில் தமிழ்நாட்டுக்கு இருக்கும் இடம் இதனோடு முடியவில்லை. துணைக்கண்டத்தையே முக்கோணங்களாக அளந்த பெரும்பணிக்கு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்ப்டன் முதல் அடிக்கோட்டை, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான நேர்கோட்டை, அளக்கத் தொடங்கியது 1802 ஏப்ரல் 10 அன்று, சென்னைப் பரங்கிமலையின் அருகில்.

உயரத்தின் வேறுபாட்டைக் கண்ணால் காண விரும்புவோர் நீலகிரி மலை ரயிலில் செல்லலாம். 326 மீட்டரில் புறப்பட்டு 46 கிலோமீட்டரில் 2,203 மீட்டரை எட்டும் பாதை அது.

23 மார்ச் 2025

வங்கியில் காசாளராக இருந்த காலத்தில் பணத்தாளை எண்ணி எண்ணி அதன் முகமே எனக்கு மறந்துபோயிருந்தது. அதைப் படிக்கக் கற்றுத் தந்தவர் பார்வையற்ற ஒரு பள்ளி ஆசிரியர். சம்பள நாளில் வருவார். நான் எண்ணிக் கொடுத்த தாள்களை மேசையிலேயே வைத்து, ஒவ்வொன்றின் ஓரத்தையும் கட்டைவிரலால் ஒரு முறை தடவுவார். "சார், கோடுகளை எண்ணுகிறேன். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், உங்களுக்குத்தான் கண் இருக்கிறதே" என்றார், கடுகளவும் மனக்குறையின்றி.

அன்று வீட்டுக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். இப்போதைய வரிசையில் 100 ரூபாய்த் தாளின் இரு ஓரங்களிலும் சாய்வாக நான்கு மேடிட்ட கோடுகள். 200இல் அதே நான்கு கோடுகளுக்கிடையே இரண்டு வட்டங்கள். 500இல் ஐந்து கோடுகள். இவை தவிர 100க்கு ஒரு முக்கோணம், 500க்கு ஒரு வட்டம் என்று தொட்டறியும் அடையாளங்களும் உண்டு. அச்சிடும்போது மையைத் தாளிலிருந்து மேடிட்டு நிற்கும்படி பதிக்கிறார்கள். தாளோ மரக்கூழ் அன்று, பருத்தி. ஆகையால்தான் சட்டைப்பையோடு துவைத்தாலும் ஓரளவு தாங்குகிறது. ஆனால் மேடு அவ்வளவு நாள் தாங்குவதில்லை. நான்கைந்து சந்தைகளில் கைமாறிய தாளில் கோடு வழுவழுப்பாகிவிடும். அப்போது அவர் நம்புவது நீளத்தை.

நீளத்தில்தான் சிக்கல். 100 ரூபாய் 142 மில்லிமீட்டர், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. மூன்றுக்கும் அகலம் ஒன்றே, 66 மில்லிமீட்டர். தாளுக்குத் தாள் நான்கு மில்லிமீட்டர் மட்டுமே வித்தியாசம். அவர் ஓர் அட்டையைத் தம் அளவுக்கு வெட்டி வைத்திருந்தார். தாளை அதன் மேல் வைத்து எவ்வளவு வெளியே நீள்கிறது என்று விரல் நுனியால் பார்ப்பார். 100 ரூபாயை ஒரு மடிப்பாகவும் 500ஐ இரு மடிப்பாகவும் பையில் வெவ்வேறு அறைகளில் வைப்பார். தாளைக் கைபேசியின் முன் காட்டினால் மதிப்பைச் சொல்லும் 'மணி' என்ற செயலியை ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று வெளியிட்டது. இப்போது அதையும் பயன்படுத்துகிறார். ஆனாலும் பேருந்தில் நடத்துநர் மீதி தரும்போது கைபேசியை எடுக்க நேரம் ஏது என்று அவர் கேட்பது நியாயம்தான்.

இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. முதல் குறிப்பில் பெரும்பாலான குறிகள் நமக்கு எழுதப்பட்டவையல்ல என்றேன். இந்தக் கோடுகளைப் பொறுத்தவரை 'நாம்' என்பதில் அந்த ஆசிரியரும் அடக்கம். யாருக்கு எழுதியது என்ற கேள்வியோடு, அவருக்கு அது சரியாகப் போய்ச் சேர்கிறதா என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

24 மார்ச் 2025

பணத்தாளின் பின்புறத்தில் உள்ள மொழிப் பட்டையில் தமிழ் ஏன் அவ்வளவு கீழே இருக்கிறது என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். அங்கே 15 மொழிகள், ஆங்கிலப் பெயர்களின் அகரவரிசையில்: அசாமியில் தொடங்கி உருதில் முடிகிறது. தமிழ் பதின்மூன்றாவது. தரவரிசை எதுவும் இல்லை. இலங்கை, சிங்கப்பூர், மொரிஷியஸ் நாடுகளின் பணத்தாள்களிலும் தமிழ் இருக்கிறது என்பதை அறிந்தால் அவர் வருத்தம் குறையலாம். தஞ்சைப் பெரிய கோயிலே ஒரு காலத்தில் 1,000 ரூபாய்த் தாளில் இருந்தது. 1954இல் வந்த அந்தத் தாள் 1978இல் செல்லாததாக்கப்பட்டது.

ஒரு ரூபாய்த் தாளை எடுத்துப் பாருங்கள். மற்றத் தாள்களில் உள்ள உறுதிமொழி அதில் இருக்காது. கையொப்பமும் ரிசர்வ் வங்கி ஆளுநருடையதன்று, மத்திய நிதிச் செயலருடையது. அதை வெளியிடுவது அரசு.

29 மார்ச் 2025

நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே ஒரு சிறு குறி இருக்கும். வைர வடிவமானால் மும்பை, ஐந்து முனை நட்சத்திரமானால் ஹைதராபாத், புள்ளியானால் நொய்டா. குறியே இல்லையென்றால் கொல்கத்தா. குறியில்லாத நாணயம் கள்ள நாணயம் என்று ஒருவர் இங்கே எழுதியிருப்பதை வன்மையாக மறுக்கிறேன். அது கொல்கத்தா நாணயச் சாலையின் வழக்கம்.

வன்மையாக மறுக்கக் காரணம் இருக்கிறது. 10 ரூபாய் நாணயம் நம் ஊர்களில் பட்ட பாட்டை நான் கல்லாவின் மறுபக்கத்திலிருந்து பார்த்தவன். பத்துக் கதிர் இருந்தால் நல்லது, பதினைந்து கதிர் இருந்தால் கள்ளது, ரூபாய்ச் சின்னம் இல்லையென்றால் செல்லாது என்று ஆளுக்கொரு இலக்கணம் சொன்னார்கள். பேருந்திலும் பெட்டிக்கடையிலும் வாங்க மறுத்தார்கள். கீரை விற்கும் ஒரு பாட்டி சுருக்குப்பை நிறைய 10 ரூபாய் நாணயங்களைக் கொண்டு வந்து, "இதெல்லாம் காசா இல்லையா, நீயே சொல்லு சாமி" என்று நின்றார். அத்தனையும் நல்ல நாணயங்கள். காலத்துக்குக் காலம் நினைவு வடிவங்களோடு வெளியிட்டதால் 10 ரூபாய் நாணயத்துக்கு 14 வடிவங்கள் உண்டென்றும் அனைத்தும் செல்லும் என்றும் ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாக அறிவித்தது. அறிவிப்பு வந்த பிறகும் வதந்தி நெடுநாள் ஓய்வதாக இல்லை. துணுக்குச் செய்தி என்று நாம் எளிதாகத் தள்ளும் ஒன்றைத் தவறாகப் பரப்பினால், அந்தப் பாட்டியின் ஒரு வாரக் கீரைப் பணம் கையில் இருந்தும் இல்லாததாகிவிடுகிறது.

2019இல் வந்த 20 ரூபாய் நாணயம் பன்னிரண்டு பக்கம் கொண்டது. தடவினாலே தெரியட்டும் என்று செய்த வடிவம்.

5 ஏப்ரல் 2025

உணவுப் பொட்டலங்களில் உள்ள சைவ, அசைவக் குறிகளைப் பற்றி. முன்பு இரண்டுமே வட்டம்தான்: பச்சை வட்டம் சைவம், பழுப்பு வட்டம் அசைவம். பச்சையையும் பழுப்பையும் பிரித்தறிய இயலாத நிறக்குருடு உள்ளவர்களுக்கு அது ஒரே குறியாகவே தெரியும். ஆகவே அசைவக் குறியைப் பழுப்பு முக்கோணமாக மாற்றினார்கள். சென்ற மாதம் எழுதிய கேள்விக்கு இது ஒரு நல்ல விடை: போய்ச் சேரவில்லை என்று கண்டதும் வடிவத்தைத் திருத்திவிட்டார்கள்.

சேர்க்கைப் பொருள்களின் எண்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். 500(ii) என்பது நம் வீட்டு ஆப்பசோடா. 330 எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம். 100(i) மஞ்சளின் நிறப்பொருள். எண் இருப்பதாலேயே ஒன்று நஞ்சாகிவிடாது. ஆனால் 120 என்ற எண்ணைச் சைவர்கள் கவனிக்க வேண்டும். அது ஒரு பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம்.

எண்களைவிட வரிசை முக்கியம். பட்டியலில் எடை மிகுந்த பொருள் முதலில் வர வேண்டும் என்பது விதி. உறையின் முகப்பில் கேழ்வரகும் கம்பும் படமாக இருந்து, பட்டியல் மைதாவில் தொடங்கினால், நீங்கள் வாங்குவது மைதா.

12 ஏப்ரல் 2025

கூரியர் பையன்கள்கூட இப்போது வரைபடத்தைப் பார்த்து வருகிறார்கள், அஞ்சல் குறியீடு இன்னும் எதற்கு என்று கேட்டவருக்கு: கடிதத்தைப் பிரிப்பவருக்கு. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த இம்முறையை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். அஞ்சல் துறை அதிகாரியான அவர் சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் பல ஊர்கள், படிக்க முடியாத கையெழுத்து, பல மொழிகளின் எழுத்துகள்: இவ்வளவையும் ஆறு இலக்கங்களால் கடந்தார். முதல் இலக்கம் மண்டலம். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் 6. முதல் மூன்றும் சேர்ந்து பிரிப்பகத்தைக் காட்டும்: 600 சென்னை, 620 திருச்சி, 625 மதுரை, 641 கோவை. கடைசி மூன்றும் அஞ்சலகம். முதல் இலக்கம் 9 என்றால் அது ராணுவ அஞ்சல். சபரிமலைக்கு 689713 என்று தனிக் குறியீடு உண்டு. ஐயப்பனுக்குக் கல்யாணப் பத்திரிகை அனுப்புகிறவர்கள் அதைத்தான் எழுதுகிறார்கள்.

13 ஏப்ரல் 2025

எழுத்தே இல்லாத குறி ஒன்றையும் சேர்க்கிறேன். மூன்று முனைச் செருகியில் மேல் முனை மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது எதற்காக? செருகும்போது நிலத்தொடர்பு முதலில் கிடைக்க வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும் என்பதற்காக நீளம். மின்னோட்டமுள்ள துளைக்குள் தவறியும் நுழையக் கூடாது என்பதற்காகத் தடிமன். அந்த முனையை உடைத்துவிட்டு இரு முனைத் துளையில் செருகும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

26 ஏப்ரல் 2025

அட்சய திருதியை நெருங்குகிறது. நகையில் 916 என்று இருந்தால் போதுமா என்று மகளுக்கு வளையல் வாங்கவிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். போதாது. 916 என்பது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட் என்ற தூய்மைக் கணக்கு மட்டுமே. அதோடு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முக்கோணச் சின்னமும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளமும் இருக்க வேண்டும். அந்த ஆறு இலக்கம் ஒவ்வொரு நகைக்கும் தனியானது; அது இல்லாமல் ஹால்மார்க் நகை விற்பது 2023 ஏப்ரல் 1 முதல் அனுமதிக்கப்படுவதில்லை. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. பொடி எழுத்தாக இருப்பதால் கடையில் உருப்பெருக்கிக் கண்ணாடி கேளுங்கள்; வைத்திருக்க வேண்டியது அவர்கள் கடமை. அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த ஆறு இலக்கத்தைத் தட்டினால் நகையின் வகையும் தூய்மையும் வரும். வளையலுக்குரிய எண்ணைத் தட்டி மோதிரம் என்று வந்தால், பணம் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். ரசீதில் தங்கத்தின் எடை, காரட், செய்கூலி ஆகியவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் கடையை விட்டு வெளியேறும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.